உப்புக் காற்றில் 108 ஆண்டுகள்

நம்முடைய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கட்டியவர்களின் வரலாறுகள். கோயிலை எடுப்பித்த அரசன், கோட்டையை எழுப்பிய தளபதி, பாலத்தைத் திறந்துவைத்த தலைவர் என்று பெயர்கள் கல்லில் நிற்கின்றன. கட்டப்பட்டது அதன்பின் எப்படி நின்றது, யாருடைய கைகளால் நின்றது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. துருவைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

பள்ளிப் பாடநூலில் துரு ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இரும்போடு காற்றும் நீரும் சேர்ந்தால் துருப்பிடிக்கும்; அதைத் தடுக்க வண்ணம் பூசலாம், எண்ணெய் தடவலாம், துத்தநாக முலாம் இடலாம். எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க வரும் மாணவர்கள்கூட இந்த மூன்று வழிகளையும் தடையின்றி ஒப்பிப்பார்கள். பூசிய வண்ணத்தை மறுபடி எப்போது பூசவேண்டும், யார் பூசுவார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பாடநூல் அதைச் சொல்வதில்லை. அந்த விடையைத் தேடுகிறவர் வேதியியலிலிருந்து வரலாற்றுக்குள் நடந்து வரவேண்டியிருக்கிறது.

*

முதலில் சொற்கள். இரும்பில் படிவதைத் துரு என்கிறோம். செம்பிலும் பித்தளையிலும் படிவதைக் களிம்பு என்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி, அவற்றை உற்றுப் பார்த்திருக்கிறது என்று பொருள். சைவ சித்தாந்தம் உயிரையும் ஆணவ மலத்தையும் விளக்கக் கைக்கொண்ட உவமை செம்பும் களிம்பும். களிம்பு வெளியிலிருந்து வந்து செம்பில் ஒட்டிக்கொண்டதன்று, செம்பு உள்ள அன்றே அதுவும் உண்டு என்பது அவர்களின் வாதம். மெய்ப்பொருளைச் சொல்ல எடுத்த உவமைதான் அது. ஆனால் உலோகத்தைப் பற்றிய கூர்மையான கவனிப்பும் அதற்குள் இருக்கிறது.

இன்றைய வேதியியலும் ஏறத்தாழ அதையே வேறு மொழியில் சொல்கிறது. மண்ணுக்குள் இரும்பு தனி உலோகமாகக் கிடைப்பது மிக அரிது. ஆக்சிஜனோடு கூடிய தாதுவாகவே அது கிடைக்கிறது. கரியின் வெப்பத்தில், துருத்தியின் காற்றில், அந்த இணைப்பைப் பிரித்து இரும்பை எடுக்கிறோம். பிரித்தது திரும்பச் சேர முயல்வதுதான் துரு. மனிதன் பெரும்பாடுபட்டு மேலேற்றிய உலோகம் தன் பழைய நிலைக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இறக்கத்தைத் தாமதப்படுத்தலாம், முற்றாக நிறுத்துவது கடினம். துருத் தடுப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை எனலாம்.

பள்ளிக்கூடத்தில் செய்துகாட்டும் மூன்று சோதனைக் குழாய்களை வாசகர்கள் நினைவுகூரலாம். ஒன்றில் நீரும் காற்றும் உண்டு. அதிலுள்ள ஆணி துருப்பிடிக்கும். இன்னொன்றில் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றிய நீர், மேலே எண்ணெய்ப் படலம். அதில் ஆணி தப்பிக்கும். மூன்றாவதில் ஈரம் நீக்கிய காற்று மட்டும், அதிலும் தப்பிக்கும். நான்காவதாக ஒரு குழாய் வைத்து அதில் உப்புநீர் ஊற்றினால்தான் நம் கடற்கரையின் பாடம் தொடங்குகிறது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேல் படியும் காப்புப் படலத்தைத் துளைக்கும். ஆகவே அரிப்பு பலமடங்கு விரைவாகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இந்த நான்காவது குழாய் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. அதே நூலின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கிறது. மரக்காணத்தில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. விழுப்புரத்தில் பல ஆண்டு தாங்கும் ஜன்னல் கம்பி அங்கே அவ்வளவு காலம் தாங்குவதில்லை. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பில் சொல்லும்போது, அந்நிலத்தில் இரும்பும் இரங்கும் என்று சேர்த்துச் சொல்வதுண்டு.

*

களிம்பைத் தடுக்க நம் வீடுகள் கண்ட வழி ஈயம் பூசுதல். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிச் சுவை கெடும், உடலுக்கும் தீங்கு. அதற்காக ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். தரையில் சிறு குழி வெட்டிக் கரியிட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுப் பஞ்சால் ஒரே வீச்சில் உள்பக்கம் முழுவதும் பரப்புவார். கண்ணெதிரே பாத்திரம் வெள்ளியாக மாறும். சில மாதம் புழங்கினால் பூச்சு தேயும். அவர் மறுபடி வருவார். தடுப்பு என்பது அன்று ஒரு பொருளாக மட்டும் இருக்கவில்லை, திரும்பத் திரும்ப வரும் ஒரு மனிதராகவும் இருந்தது.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைக் குறைக்கும் ஆய்வில் கிடைத்தது அது. அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மீண்டும் படிந்துகொள்ளும். பின்னாளில் அந்த எஃகு எவர்சில்வர் என்ற பெயரோடு நம் சமையலறைக்குள் வந்தது. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது படிப்படியாக நின்றுபோயிற்று. பராமரிப்பு என்ற சிந்தனையும் அவரோடு வீட்டைவிட்டு வெளியேறியதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை வாங்கினால் போதும் என்பது பாத்திரத்துக்கு மெய்யாயிற்று; கட்டடத்துக்கும் பாலத்துக்கும் அதுவே மெய் என்று நம்பத் தொடங்கிவிட்டோம்.

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் டெல்லி இரும்புத் தூணுக்கும் பங்குண்டு. குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் அது 7 மீட்டருக்கு மேல் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் கொண்டது, குப்தர் காலத்தது. 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காத தூண் என்று மேடைகளில் முழங்குவார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இன்னும் நுட்பமானது. தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் உலோகத்துக்கும் மேற்புறத் துருவுக்கும் இடையில் கெட்டியான ஒரு காப்புப் படலம் உருவாகியிருக்கிறது. அதாவது அந்தத் தூண் துருவே இல்லாமல் நிற்கவில்லை. தன்மேல் படிந்த நல்ல துருவால் நிற்கிறது. டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. பார்வையாளர்கள் கட்டிப்பிடித்து உரசிக்கொண்டே இருந்ததால் 1997இல் சுற்றிலும் வேலி போடவேண்டியிருந்தது. அந்தத் தூணைப் பெயர்த்துப் பாம்பனில் நட்டிருந்தால் கதை இதே மாதிரி இருந்திருக்குமா என்று மாணவர்களைக் கேட்கலாம்.

*

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மீண்டும் ரயில் என்ற போட் மெயில் பயணத்தின் முக்கியக் கண்ணி அது. அந்த வண்டி விழுப்புரம் வழியாகத்தான் போயிற்று. இன்றைய ராமேஸ்வரம் வண்டிகளும் இவ்வழியே போகின்றன. கடல்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப்போல் மேலெழும் தூக்குப் பகுதி. சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் முறைப்படி அமைந்ததால் அதற்கு அவர் பெயர். மின்விசை இல்லை. தொழிலாளர்கள் நெம்புகோல்களைச் சுற்றித்தான் அந்தக் கைகளை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார்கள்.

இரும்பை நிறுத்திவைக்க இதைவிடப் பொருத்தமற்ற இடம் கிடைப்பது கடினம். இருபுறமும் கடல், ஆண்டு முழுவதும் காற்று, காற்றில் உப்பு, மேலே வெயில். அலை தெறித்து நனைந்து காய்ந்து மீண்டும் நனையும் இடத்தில்தான் அரிப்பு மிகக் கடுமை. நீருக்குள் முழுவதும் மூழ்கிய பகுதிகூட அவ்வளவு வேகமாக அரிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பாலத்தின் மேல் 108 ஆண்டுகள் ரயில் ஓடியிருக்கிறது.

எப்படி ஓடியது? இதற்கு ஒற்றைக் கண்டுபிடிப்பைக் காரணமாகக் காட்ட முடியாது. பாலத்தில் வேலை செய்தவர்கள் துருவைத் தட்டி உதிர்த்தார்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். செம்பழுப்பு நிறப் பூச்சு அடித்து, அது காய்ந்தபின் மேலே அலுமினிய வண்ணம் பூசினார்கள். நம் ரயில் பாலங்கள் வெள்ளி நிறமாகத் தெரிவது அந்த வண்ணத்தால்தான். கடலோரப் பாலங்களில் துத்தநாகத்தையோ அலுமினியத்தையோ உருக்கித் தெளிக்கும் முறையும் வந்தது. ரிவிட்டுகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை மாற்றவேண்டும். தேய்ந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக வைக்கவேண்டும். ஒரு முனையில் பூசி முடிப்பதற்குள் மறுமுனை காத்திருக்கும். கலாசி என்றும் பெயிண்டர் என்றும் சம்பளப் பட்டியலில் எழுதப்பட்ட அந்த மனிதர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பாலத்தின் வரலாற்றில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 1964. அவ்வாண்டு டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. ஆறு மாதக் கெடு வைத்திருந்த சீரமைப்பை, இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர் உதவியோடு மீட்டு 46 நாட்களில் முடித்தார். இது நியாயமாகவே புகழப்படும் சாதனை. புயல் ஒரே இரவில் வந்தது, கதையாயிற்று. துரு ஒவ்வோர் இரவும் வந்தது, கதையாகவில்லை.

2007இல் பாலம் அகலப்பாதைக்கு மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு சில மாதங்கள் போக்குவரத்து நின்றது. அதன்பின் பாலத்தின் நாடியைப் பார்க்க உணரிகள் பொருத்தப்பட்டன. 2022 டிசம்பர் 23 அன்று அவை அபாயத்தைக் காட்ட, ரயில் நிறுத்தப்பட்டது. அரித்துப்போன பழைய பாலத்தின்மேல் மீண்டும் வண்டி ஓடவேயில்லை. தேதியைக் கவனியுங்கள். 58 ஆண்டுகளுக்கு முன் அதே டிசம்பர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில் பெரும்புயலால் அசைக்க முடியாத தூக்குப் பகுதியை, துரு அமைதியாக முடித்துவைத்தது.

பாலத்துக்கு இது தோல்வியா? நான் அப்படி நினைக்கவில்லை. தன்னால் வெல்ல முடியாத எதிரியை நான்கு தலைமுறைக் கைகள் நூறாண்டுக்கு மேல் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தன. அதை வெற்றி என்று சொல்ல நம் வரலாற்று மொழிக்கு இன்னும் பழக்கமில்லை.

*

துருவுக்கு எதிரான சிந்தனைக்கும் நம் மண்ணில் ஒரு மையம் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிப்பு அந்நிலையத்தின் முதன்மை ஆய்வுத் துறைகளில் ஒன்று. பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபத்தில் அதன் அரிப்புச் சோதனைக் களம் இருக்கிறது. அத்தகைய களங்களில் உலோகத் தகடுகளைச் சாய்வான சட்டங்களில் கட்டிக் கடற்காற்றில் விட்டுவிடுவார்கள். மாதங்களும் ஆண்டுகளும் கழித்து எடுத்துத் துருவை நீக்கி எடைபோட்டால், காற்று எவ்வளவு தின்றது என்று தெரியும். பொறுமையைத் தவிர வேறு பெரிய கருவி வேண்டாத ஆய்வு இது. நாட்டின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தையும் இந்நிலையத்தார் உருவாக்கினார்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தையும் இங்கே சொல்லவேண்டும். இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த செப்புத் திருமேனிகளைப் பச்சைப் பொடியாக உதிர்க்கும் ஒரு நோய் பற்றியிருந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்தபோது உள்ளே புகுந்த குளோரைடு, ஈரக்காற்று பட்டதும் மீண்டும் வேலையைத் தொடங்கியிருந்தது. எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் அவற்றைக் காப்பாற்றினார். சோழர் காலச் சிற்பிகளை நாம் போற்றுகிறோம். அவர்களுடைய படைப்பு இன்று நம் முன் நிற்பதில் அந்த வேதியியலாளருக்கும் ஒரு பங்குண்டு.

இந்தப் பணி இனிமேல்தான் பெருகப்போகிறது. 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளை அகழாய்வு மாதிரிகளைக் கொண்டு தமிழ்நிலத்தில் இரும்பின் பயன்பாட்டைப் பொது ஆண்டுக்கு முன் 4ஆம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்கிறது. அறிஞரிடையே விவாதம் தொடரும், தொடரவேண்டும். மண்ணுக்கு வெளியே வந்த பழைய இரும்பு மண்ணுக்குள் இருந்ததைவிட வேகமாக அழியக்கூடும் என்பதை நம் பெருமிதப் பேச்சுகள் மறந்துவிடுகின்றன. உப்பை நீக்கி, ஈரத்தைக் கட்டுப்படுத்தி, ஆண்டுதோறும் பார்த்துவர ஆள் வேண்டும். 5,000 ஆண்டுப் பெருமையின் எதிர்காலம் ஒரு காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது.

*

உலகம் முழுவதும் இந்தக் கதை இப்படித்தான். 1824இல் ஹம்ஃப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு அரிக்காமலிருக்கத் துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு இணைக்கலாம் என்று காட்டினார். துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு செம்பைக் காக்கும். முறை வென்றது, ஆனால் கப்பல்கள் தோற்றன. செம்பு மெல்லக் கரைந்துகொண்டிருந்தவரை அதன் நஞ்சுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த சிப்பிகளும் பாசியும், கரைவது நின்றதும் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கொடுக்கவேண்டும் என்பது இதன் பாடம். நம் வீட்டு ஜி.ஐ. வாளியும் அதே தத்துவத்தில்தான் நிற்கிறது; துத்தநாகம் கொடுத்து முடியும்வரை இரும்பு பிழைத்திருக்கும்.

ஸ்காட்லாந்தில் 1890இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துக்கு வண்ணம் பூசும் வேலை முடிவதேயில்லை என்பது அந்நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. 2011இல் புதுவகைப் பூச்சு அடித்து முடித்தபோது, இனிச் சில பத்தாண்டுகளுக்குக் கவலையில்லை என்று அறிவித்தார்கள். பழமொழி பழசாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. சில பத்தாண்டுகள் என்பதும் ஒரு கெடுதான்.

பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் செங்குத்தாக எழுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுவதும் பற்றவைத்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு என்று துருவுக்கு எதிரான இன்றைய அறிவு அதில் சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பூச்சின் ஆயுளைச் சொல்லும்போதே, அது முடியும் நாளையும் சொல்லிவிடுகிறோம். அந்த நாளில் தூரிகையோடு யார் இருப்பார்கள் என்ற கேள்வி எஃகைவிட முக்கியமானது.

ஒரு காலத்தில் இதற்கு நம்மிடம் விடை இருந்தது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் வாரியங்களைப் பேசுகின்றன. தேர்தல் முறைக்காக அவற்றைக் கொண்டாடுகிறோம். அந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையும், ஏரியைக் கட்டிமுடித்தபின் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. காப்பதும் ஆட்சியின் வேலை என்று அன்று கல்லில் எழுதிவைத்தார்கள்.

ஆகவே துருவைப் பற்றிய பாடத்தில் மூன்று வழிகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்: திரும்ப வந்து பார்ப்பது. இதைக் கற்பிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாடிக் கூரையின் காரை பெயர்ந்து கம்பி தெரியும் இடம் ஒன்று இருக்கும். துரு இரும்பைவிடப் பருமன் மிகுந்தது; உள்ளிருந்து விம்மிக் காரையைப் பிளக்கிறது. நீர் எங்கிருந்து புகுந்தது, எந்த ஆண்டு முதலில் கசிந்தது, அப்போது என்ன செய்தோம் என்று மாணவர் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். அது வேதியியல் குறிப்பாகவும் குடும்ப வரலாறாகவும் இருக்கும்.

பாலங்கள் செய்தியாவது போக்குவரத்து நிற்கும்போதுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் வெள்ளம் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தை எட்டி வண்டிகள் நின்றபோதுதான், அப்படி ஒரு பாலம் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ரயில்வேயின் இரும்புக் கர்டர்களில் கடைசியாக வண்ணம் பூசிய தேதியை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. பாலத்துக்குக் கீழே சாலை வழியாகப் போகிறவர்கள் அண்ணாந்து தேடிப் பார்க்கலாம். திறப்புவிழாக் கல்லில் பொறித்த தேதி மாறுவதில்லை; இந்தத் தேதி அழிந்து அழிந்து மீண்டும் எழுதப்படுகிறது. பெயரில்லாத மனிதர்கள் தம் வேலையைப் பற்றி விட்டுச்செல்லும் குறிப்பு அது ஒன்றுதான். நம் மாணவர்களுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம்.